கால் போனவர் திரும்ப வேலைக்கு வர, யார் காசு கொடுப்பது?

பட்ஜெட் வரும்போதெல்லாம் "மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைக்கும் முதலாளிகளுக்கு இரட்டை வரிக் கழிவு" என்ற வரி செய்தியில் அடிபடும். பேராக்கின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கும், டவுனில் மூன்று பேரை வைத்துக் கடை நடத்துபவருக்கும் அந்த வரியால் எதுவும் தெளிவாவதில்லை. அவர்களுடைய கேள்வி இதுதான்: ஒரு காலை இழந்தவர் திரும்ப வேலைக்கு வர வேண்டும். ஆபீஸ் படிக்குச் சாய்தளம் வேண்டும், குந்தும் கழிவறைக்குப் பதில் உட்காரும் கழிவறை வேண்டும், செயற்கைக் காலும் வேண்டும். பணம் எங்கிருந்து வரும்?

மலேசியாவில் இதற்காக ஒரே இடத்தில் விண்ணப்பித்து வாங்கும் பொது நிதி இல்லை. பணம் நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கிறது. எந்த இடத்துக்குப் போவது என்பதை ஊனம் எவ்வளவு என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. அது எப்படி வந்தது, அந்தச் சமயத்தில் சம்பளச் சீட்டில் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) பிடித்திருந்தார்களா என்பதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. இது தெரியாமல் சேமநிதியில் கைவைத்துவிட்டு, கிடைத்திருக்க வேண்டிய உதவியை விட்டவர்கள் தோட்டப்புறத்தில் நிறையப் பேர்.

## வசதி ஏற்பாடு என்றால் என்ன

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, அதாவது சட்டம் 685, "நியாயமான வசதி ஏற்பாடு" என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. மாற்றுத்திறனாளி மற்றவர்களுக்குச் சமமாக இயங்குவதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்கள். ஆனால் அவை செய்பவர் மேல் அளவுக்கு மீறிய சுமையாக இருக்கக் கூடாது. வேலையிடத்தில் இது மூன்று வகையில் வரும்.

1. நேரம், வேலை முறை. ஷிப்ட் மாற்றுவது, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவருக்கு அதற்கேற்ப நேரம் தருவது, குலை வெட்டியவரை எடை மேடைக்கோ ஸ்டோருக்கோ மாற்றுவது. இதற்குக் காசு பெரிதாக வேண்டாம். முதலாளியின் மனம்தான் வேண்டும்.

2. கருவி. செயற்கைக் கால், காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி. பார்வையற்றவருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளும் இதில்தான் சேரும். என்விடிஏ என்ற அந்த மென்பொருள் முற்றிலும் இலவசம். ஆகவே "கம்ப்யூட்டருக்கே பல ஆயிரம் செலவாகும்" என்று ஒரு முதலாளி மறுத்தால், அந்தக் காரணம் நிற்காது.

3. இடம். சாய்தளம், கைப்பிடி, கழிவறை, மேசை உயரம்.

தோட்டத்து நாற்றங்காலை எடுத்துக்கொள்வோம். பாலிபேக்கில் மண் நிரப்புகிறவர்கள் தரையில் குந்திக்கொண்டுதான் செய்வார்கள். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால் போட்டவரால் அப்படிக் குந்த முடியாது. இடுப்பு உயரத்துக்குப் பலகை அடித்து, மண்ணை அதன் மேல் கொட்டி, பெரிய பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டிப் புனலாக வைத்துக்கொடுத்தால், அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி பை பையாக நிரப்பிவிடுவார். தோட்டத்தில் கிடக்கும் பலகையும் தச்சருடைய ஒரு நாள் கூலியும் போதும். அதே ஆளுக்குக் கழிவறைதான் பெரிய தடை. குந்தும் கழிவறையை உடைத்துக் கமோட் வைத்து, பக்கத்தில் கைப்பிடி பதித்து, கதவையும் அகலமாக்கினால் செலவு ஆயிரக்கணக்கில் போய்விடும். கழிவறை இல்லாமல் எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்க்கச் சொல்வது வேலை கொடுப்பது ஆகாது.

சாய்தளத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டு படி சேர்ந்து 30 சென்டிமீட்டர் என்றால் சாய்தளம் 3.6 மீட்டர் ஓட வேண்டும். படி மேல் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு "செய்துவிட்டோம்" என்று சொல்லும் இடங்களில் சக்கர நாற்காலி பின்பக்கம் கவிழும்.

## சட்டம் எவ்வளவு தூரம் கட்டாயப்படுத்தும்

சட்டம் 685-இன் 29ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக்கு மற்றவர்களோடு சமமாக வேலை பெறும் உரிமை உண்டு என்கிறது. சம வேலைக்குச் சம சம்பளம், பாதுகாப்பான சூழல், தொல்லையிலிருந்து காப்பு எல்லாம் அதில் இருக்கிறது. தண்டனை மட்டும் இல்லை. மீறிய முதலாளிக்கு இந்தச் சட்டத்தில் அபராதமோ வழக்கோ கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை மலேசியா 2010இல் ஏற்றது. என்றாலும் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு பாகுபாடு கூடாத காரணங்களாக மதம், இனம், பூர்வீகம், பிறந்த இடம், பால் ஆகியவற்றைச் சொல்லும்போது ஊனத்தைச் சொல்வதில்லை. அரசாங்க வேலையில் 1 விழுக்காடு ஒதுக்கீடு 1988 சுற்றறிக்கையிலிருந்து இருக்கிறது. தனியார் துறைக்கு வழிகாட்டி நெறிமுறை மட்டும்தான்.

அப்படியானால் பிடி எங்கே? வேலைச் சட்டம் 1955-இல். 2023 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள திருத்தத்தில் இரண்டு இடங்கள் உதவும். வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி தொழிலாளி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் எழுத வேண்டும். இது 60பி, 60கியூ பிரிவுகள். அப்புறம் 69எஃப் பிரிவு. வேலையில் பாகுபாடு என்ற தகராறைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிடலாம். அந்த உத்தரவை மீறினால் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், தொடர்ந்தால் நாளுக்கு 1,000 வெள்ளி வரை.

ஆக, நேரத்தையும் வேலை முறையையும் மாற்றக் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. சாய்தளம் கட்டு, கழிவறை மாற்று என்று முதலாளியைக் கட்டாயப்படுத்த வலுவான வழி இல்லை. அதனால்தான் பணம் எங்கிருந்து வரும் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

## பணம் வரும் நான்கு வழிகள்

1. சொக்சோ, அதாவது பெர்கேசோ. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969-இன் கீழ் முதலாளி 1.75 விழுக்காடும் தொழிலாளி 0.5 விழுக்காடும் கட்டுவதிலிருந்து வருவது. நான்கு வழிகளில் இதுதான் கனமானது. செயற்கைக் கால், கை, சக்கர நாற்காலி, உடற்பயிற்சிச் சிகிச்சை, புதிய தொழிலுக்கான பயிற்சி வரை கொடுக்கும். 2007இல் தொடங்கிய "வேலைக்குத் திரும்புதல்" திட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு அதிகாரியைப் போடுவார்கள். அவர் டாக்டரிடம் பேசுவார், முதலாளியைப் பார்ப்பார், வேலையிடத்துக்கே வந்து எந்த வேலையைச் செய்ய முடியும், எதை மாற்ற வேண்டும் என்று பார்ப்பார். மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையம் 2014 முதல் இருக்கிறது. பேராக்காரர்களுக்கு ஈப்போ மேரு ராயாவிலும் ஒரு மையம் எழும்பியிருக்கிறது.

2. சமூக நலத்துறை, நம் ஆட்கள் சொல்லும் "வெல்ஃபேர்". சுங்கை சிப்புட், கோலகங்சார் மாவட்டத்தில் இருப்பதால் அந்த மாவட்ட அலுவலகம்தான். இங்கே ஓகேயு கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் கார்டு இல்லாமல் இந்தப் பக்கம் எதுவும் நகராது. வருமானம் குறைந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பும் துணைக்கருவியும் வாங்க உதவி உண்டு. வரம்புக்குக் கீழே சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளித் தொழிலாளிக்கு மாதம் 450 வெள்ளி அலவன்ஸ் உண்டு. அதிகம் பேசப்படாத இன்னொன்று வேலைப் பயிற்சியாளர் சேவை. கற்றல் குறைபாடு உள்ள இளைஞரை ஒரு கடையிலோ ஃபேக்டரியிலோ சேர்க்கும்போது, பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே வந்து வேலையைச் சின்னச் சின்னப் படியாகப் பிரித்துக் கற்றுக்கொடுப்பார், சக தொழிலாளர்களுக்கும் சொல்லிக்கொடுப்பார், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகிவிடுவார். பயிற்சியாளருக்கான ஊக்கத்தொகையை நலத்துறை கொடுக்கிறது. இந்தச் சேவை தோட்டப்புறக் குடும்பங்களின் காதுக்கு எட்டாமலே இருப்பது பெரிய இழப்பு.

3. வரிக் கழிவு. இது முதலாளிக்கு. தனியாகப் பேச வேண்டிய விஷயம், கீழே வருகிறது.

4. சொந்தக் காசு. ஊழியர் சேமநிதியின் அக்காவுன் செஜாத்ரா என்ற கணக்கிலிருந்து மருத்துவத் துணைக்கருவி வாங்கப் பணம் எடுக்கலாம். வரி கட்டுகிறவர் என்றால் துணைக்கருவிக்கு 6,000 வெள்ளி வரை வரி விலக்கும் கேட்கலாம். 2024 மே மாதம் சேமநிதி மூன்று கணக்காகப் பிரிந்த பிறகு அக்காவுன் ஃபிளெக்சிபலிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், அவசரத்தில் எல்லாரும் முதலில் கை வைப்பது இங்கேதான். கடைசியாகப் போக வேண்டிய இடம் இது. ஏனென்றால், நலத்துறை உதவிக்கு டாக்டர் பரிந்துரையும் கடையின் விலைப்பட்டியலும் வைத்து, வாங்குவதற்கு முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிவிட்டு ரசீதோடு போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

## இரட்டைக் கழிவு: கணக்குப் போட்டுப் பார்த்தால்

செய்தியில் கலந்து வரும் இரண்டு விஷயங்களைப் பிரிக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குத்தான் இரட்டைக் கழிவு. இது 1982 விதியிலிருந்து இருக்கிறது. விபத்தாலோ கடும் நோயாலோ வேலைத்திறன் குறைந்தவர் என்று சொக்சோ மருத்துவக் குழு சான்று கொடுத்த தொழிலாளிக்கும் 2019 வரி ஆண்டிலிருந்து இது நீண்டது. கருவி வாங்குவதற்கும் கட்டடத்தை மாற்றுவதற்கும் வருமான வரிச் சட்டம் 1967-இன் 34ஆம் பிரிவு கொடுப்பது ஒற்றைக் கழிவு மட்டும்.

கழிவு என்பது பணம் கையில் வருவதல்ல. வரி போடும் லாபத்தில் அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்வது. ஆகவே எவ்வளவு மிச்சமாகும் என்பது நீங்கள் எந்த விகிதத்தில் வரி கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கழிவறையையும் சாய்தளத்தையும் மாற்ற 6,000 வெள்ளி செலவு என்று வைத்துக்கொள்வோம்.

1. 24 விழுக்காடு வரி கட்டும் பெரிய தோட்டக் கம்பெனிக்கு 1,440 வெள்ளி மிச்சம்.

2. முதல் 150,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு கட்டும் சிறு கம்பெனிக்கு 900 வெள்ளி.

3. சொந்தப் பெயரில் கடை நடத்தி, வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளி உள்ளவருக்கு 180 வெள்ளி.

மூன்றாமவர் மீதி 5,820 வெள்ளியைக் கையிலிருந்து போட வேண்டும். சம்பளத்துக்கான இரட்டைக் கழிவும் அவருக்கு உதவாது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 20,400. கூடுதல் கழிவால் பெரிய கம்பெனிக்கு 4,896 வெள்ளி மிச்சமாகும். நம் கடைக்காரரோ 400 வெள்ளி தள்ளுபடி போக ஆண்டுக்கு மொத்தமே 200 வெள்ளிதான் வரி கட்டுகிறார். அதைவிட அதிகமாக அவருக்கு எப்படி மிச்சமாகும்? டவுனில் மாற்றுத்திறனாளிக்கு வேலை கொடுக்கக்கூடியவர்களில் பாதிப்பேர் இப்படிப்பட்ட மளிகைக்கடை, சாப்பாட்டுக்கடை, மோட்டார் ஒர்க்ஷாப் நடத்துபவர்கள்தான் என்று வைத்துப் பாருங்கள். உதவி அதிகம் தேவைப்படுகிறவருக்கு மிகக் குறைவாகவும், தேவையில்லாதவருக்கு மிக அதிகமாகவும் போகும்படி இந்த ஏற்பாடு அமைந்திருக்கிறது. இதை ஊக்குவிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## ஒரே கால், மூன்று கதைகள்

மூன்று பேர், மூவருக்கும் வலது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலாமவர் காலை ஆறு மணிக்குத் தோட்டத்துக்கு மோட்டாரில் போகும்போது லாரி மோதியது. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் வேலை விபத்தில் சேரும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எம்சி (மருத்துவ விடுப்பு) நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வரும். அப்புறம் மருத்துவக் குழு நிரந்தர ஊனத்தை மதிப்பிட்டு அதற்கான தொகையை முடிவு செய்யும். இங்கே பலருக்கு ஒரு பயம்: வேலைக்குத் திரும்பினால் அந்தப் பணம் நின்றுவிடுமோ என்று. நிற்காது. நிரந்தர ஊனத் தொகை, நீங்கள் மறுபடி சம்பளம் வாங்கினாலும் தொடரும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

2. இரண்டாமவருக்கு இனிப்பு நீர். விரலில் வந்த புண் ஏறி, காலை எடுக்க வேண்டியதாயிற்று. இது வேலை விபத்து இல்லை. ஆனால் சொக்சோவில் இயலாமைத் திட்டம் இருக்கிறது: வயது 60க்குள், கடைசி 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருந்தால் முழுத் தகுதி. இயலாமை ஓய்வூதியம் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு. சிக்கல் என்னவென்றால், இந்த ஓய்வூதியம் "இவரால் இனிப் பழைய மாதிரி சம்பாதிக்க முடியாது" என்ற முடிவின் மேல் நிற்பது. சம்பளத்தோடு சேர்த்து அதை வாங்குவது முதலாமவருக்கு இருப்பது போல நேரான விஷயமில்லை. நாற்பது வயதுக்காரர் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், வேலைக்குத் திரும்புதல் திட்டத்தின் அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று கேட்பது நல்லது. செயற்கைக் காலும் பயிற்சியும் அந்த வழியாக அவருக்கும் கிடைக்கும்.

3. மூன்றாமவர் சிறு வயதிலேயே காலை இழந்த இளைஞர், முதல் வேலை தேடுகிறார். சந்தாவே கட்டியதில்லை, ஆகவே சொக்சோ வழி இல்லை. நலத்துறையும் முதலாளியின் வரிக் கழிவும்தான் மிச்சம். மூவரில் அதிக ஆண்டுகள் வேலை பார்க்கப்போகிறவர் இவர். இவருக்குத்தான் குறைந்த உதவி.

முதல் இருவருக்கும் ஒரு நடைமுறை எச்சரிக்கை. கால் எடுத்த முதல் ஆண்டில் மீதிக்கால் சுருங்கிக்கொண்டே வரும், செயற்கைக் காலின் குழி பொருந்தாமல் போகும். திரும்பத் திரும்ப மையத்துக்குப் போய்ச் சரிசெய்ய வேண்டும். அந்த நாட்களுக்கான விடுப்பும் வசதி ஏற்பாடுதான். மாட்டிய காலைப் போட்டுக்கொண்டு மறு வாரமே செம்பனை மேட்டுச் சரிவில் ஏறச் சொல்லக் கூடாது.

## போக்குவரத்து: எந்தக் கணக்கிலும் வராத செலவு

தோட்டத்திலிருந்து டவுனுக்கோ ஈப்போ பக்கத்து ஃபேக்டரிக்கோ மோட்டார் இல்லாமல் போக முடியாது. ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். மூன்று சக்கரமாக மாற்றிய மோட்டார் ஓட்டலாம், அதற்குப் போக்குவரத்து இலாகா அனுமதி வேண்டும். ஆனால் அந்த மாற்றத்துக்கான செலவு வரிக் கழிவில் முதலாளி காட்டும் "வேலையிடம்" என்ற வட்டத்துக்கு வெளியே நிற்கிறது. நலத்துறையின் 450 வெள்ளி பல வீடுகளில் பெட்ரோலுக்கும் வாடகைக் காருக்கும்தான் போகிறது. பிரிட்டனில் 1994 முதல் இருக்கும் "வேலைக்கான அணுகல்" திட்டம், பேருந்து ஏற முடியாதவர் வேலைக்குப் போய் வரும் டாக்சிச் செலவையும் கொடுக்கிறது. போய்ச் சேர முடியாத இடத்தில் சாய்தளம் கட்டிப் பயனில்லை என்று அங்கே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் இன்னும் நேரடியான முறை. மாற்றுத்திறனாளிக்காக வேலையை மறுவடிவமைக்க ஆகும் செலவில் 90 விழுக்காடு வரை, ஒருவருக்கு 20,000 டாலர் வரம்புக்குள், மானியம் கிடைக்கும். லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலாளிக்கு அது வரும். ஜப்பானில் ஒதுக்கீட்டை நிறைவேற்றாத பெரிய கம்பெனிகள் குறையும் ஆளுக்கு மாதம் 50,000 யென் கட்ட வேண்டும், அந்தப் பணத்திலிருந்து வசதி செய்து தரும் முதலாளிகளுக்கு உதவித்தொகை போகிறது. இரண்டில் எது நமக்கு ஒத்துவரும் என்று கேட்டால், சிங்கப்பூர் முறைதான். சொக்சோ அதிகாரிகள் ஏற்கெனவே வேலையிடத்துக்குப் போய்ப் பார்க்கிறார்கள். அவர்கள் எழுதும் அறிக்கையை வைத்தே, சந்தா கட்டியவரா இல்லையா என்று பார்க்காமல், ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிக்கு நேரடி மானியம் கொடுக்கலாம். புதிய இலாகா எதுவும் தேவைப்படாது.

## இப்போதைக்குச் செய்யக்கூடியது

1. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே டாக்டரிடம் ஓகேயு பதிவுப் படிவத்தைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு மறுபடி தேதி வாங்கிப் போவது மாதக்கணக்கில் இழுக்கும்.

2. என்ன மாற்றம் வேண்டும் என்பதை முதலாளியிடம் எழுத்தில் கொடுங்கள். வாயால் கேட்டால் 60 நாள் கணக்கு ஓடாது. "பாதுகாப்புக் காரணத்தால் வேலைக்கு எடுக்க முடியாது" என்று பதில் வந்தால், எந்த ஆபத்து என்று மதிப்பீடு செய்தார்களா என்று கேட்கலாம். 2024 ஜூன் 1 முதல் வேலையிட ஆபத்து மதிப்பீடு செய்வது முதலாளியின் சட்டக் கடமை.

3. முதலாளிக்கு: தொழிலாளியின் ஓகேயு கார்டு நகல் அல்லது சொக்சோ மருத்துவக் குழுச் சான்று, ரசீது, வேலை முடிந்த படங்கள் எல்லாவற்றையும் ஏழு ஆண்டு வைத்திருங்கள். வரி இலாகா கேட்கும்போது இல்லையென்றால் கழிவு போய்விடும்.

4. காண்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவர்கள் சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பிடித்திருந்தாலும் கட்டியிருக்கிறார்களா என்று சொக்சோ அலுவலகத்தில் அடையாளக் கார்டைக் காட்டிக் கேட்கலாம். சீட்டே கொடுக்காமல் கையில் காசு கொடுக்கும் காண்ட்ராக்டர் என்றால், தொழிலாளர் இலாகாவில் புகார் செய்ய விபத்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.